அப்பாவின் மிட்ஜெட், ஜிஜியின் ஹோண்டா

பேரூர்க்கடை,
திருவனந்தபுரம்.
4.8.2024

மதிப்பிற்குரிய டாக்டர் ஜிஜி அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய். இதை எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பாவின் எம்.ஜி. மிட்ஜெட் கார் இன்னமும் தாசையன் என்ற பெயரில்தான் இருக்கிறது. அவர் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. என் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் மற்ற வாரிசு ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தரவேண்டும். மற்ற வாரிசு நீ ஒருத்திதான். பென்சிலால் குறி போட்டிருக்கும் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டு, தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினால் போதும்.

போன் செய்யாமல் தபாலில் எழுதுகிறானே என்று நினைப்பாய். குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு நான் மார்ச் மாதமே வெளியேறிவிட்டேன். உன் ஹோண்டா எஸ்800 காரின் படத்தைப் போட்டு, கீழே 'அப்பா பார்த்திருந்தால் மிட்ஜெட்டை மறந்திருப்பார்' என்று எழுதினாய். பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி என் மனைவி ராகேல். நீயும் அவளும் இன்னமும் தினமும் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

அப்பா ஏன் அதை மறக்க வேண்டும்? போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் ஃபேக்டரி ஃபிட்டராக இருந்தபோது மானேஜர் துரை விட்டுப்போன வண்டி அது. மூன்று மழைக்காலம் இலைச்சாக்குக்கு நடுவில் கிடந்ததை எடுத்து ஓடவைத்தார். தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருட இங்கிலீஷ் வண்டி. இரண்டு பேர் உட்காரலாம். கையை வெளியே தொங்கவிட்டால் விரல் கிட்டத்தட்ட ரோட்டில் படும். அதற்கு ஒரு குணம் உண்டு. உன்னுடையது எண்ணூறு சி.சி. கூட முழுதாக இல்லாத தையல் மெஷின்.

கரமனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஆறுமுகநயினாரைப் பிடித்து வயரிங் முழுவதையும் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் புதிதாகப் போடவேண்டியிருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்து ஒன்று ஆகஸ்ட் பதினேழாம் தேதி பாட்டரியைத் தலைகீழாக மாட்டி வண்டியைக் கொளுத்தினாய். பதினெட்டாம் தேதி விமானம் ஏறினாய். அப்பாவின் வலது உள்ளங்கை வெந்தது. அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

தாளை மடிக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
தா. சற்குணம்
முதுநிலை விரிவுரையாளர், ஆட்டோமொபைல் பிரிவு


ஹமமட்சு, ஜப்பான்.
31.8.2024

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஜிஜி எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் சுகம். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம்! உறையில் என் பெயரைப் பார்த்ததும் அழுதேன். உள்ளே படித்ததும் சிரித்தேன். பதவியைப் போட்டுத் தங்கைக்குக் கடிதம் எழுதும் ஒரே அண்ணன் நீங்கள்தான்.

கையெழுத்துப் போடுகிறேன், அண்ணா. ஆனால் முத்திரைக்கு டோக்கியோ வரை போகவேண்டும். லீவு கிடைக்க அக்டோபர் ஆகும். தையல் மெஷினில்தான் போவேன். இருநூற்றைம்பது கிலோமீட்டர். நடுவில் எங்கேயும் பானெட்டைத் திறக்கமாட்டேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் படத்துக்குக் கீழே அப்படி எழுதியது தவறுதான். விளையாட்டாக எழுதினேன். ஆனால் ஹோண்டாவைத் திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண் மங்கியபோது, 'இதை வாரம் ஒரு தடவையாவது எட்டாயிரம் சுற்று வரை கத்த விடவேண்டும், அப்படிப்பட்டவருக்குத்தான் கொடுப்பேன்' என்றார். நான் கத்த விடுகிறேன். நாலு சிலிண்டருக்கு நாலு கார்ப்பரேட்டர். கைக்கடிகாரம் செய்கிறவன் உட்கார்ந்து என்ஜின் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மிட்ஜெட் என்ஜின் அப்படியில்லை. அது பம்புசெட் வம்சம். ஐயாயிரம் தாண்டினால் 'எனக்கு வயசாச்சு' என்று சொல்லிவிடும். அப்பாவே அப்படித்தான் சொல்வார்.

என் ஆபீசில் சின்னப் பிள்ளைகள் தொண்ணூறாம் வருடத்து குட்டி மாஸ்டா வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி உட்கார்ந்தால் அப்படியே மிட்ஜெட்டில் உட்கார்ந்த மாதிரி, கால் நீட்டி, கியர் கைக்குப் பக்கத்தில். எண்ணெய் மட்டும் சொட்டாது.

ஒரு உதவி. பழைய வயரிங்கை எறிந்துவிடாதீர்கள். அப்பாவின் டூல்ஸ் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதில் பாட்டரியைக் கவ்விப் பிடித்த பழைய கிளாம்ப் இரண்டும் கிடக்கும், அப்பா ஒரு தடவை போனில் சொன்னார். அதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அண்ணிக்கு முத்தம். நான் தினமும் பேசுவதில்லை, வாரம் நாலு நாள்தான்.

உங்கள்
ஜிஜி


பேரூர்க்கடை.
22.9.2024

ஜிஜிக்கு,

நான் கேட்டது மூன்று கையெழுத்து. நீ அனுப்பியது மூன்று பக்கம். ஒரு தாளில் பெயர் எழுத ஒன்றரை மாதம் வேண்டும் என்கிறவள், வாரத்துக்கு நாலு நாள் என் மனைவியோடு பேசுகிறாய். ராகேலிடம் கேட்டேன். 'நாலு நாளா? அவ கொறச்சு சொல்லியிருக்கா' என்றாள். அடுக்களையில் நின்று சிரிக்கிறாள். இந்த வீட்டில் எனக்கு எதிராக எப்போதும் இரண்டு ஓட்டு.

சரி, ஹோண்டா. உன் வண்டிக்கு எழுபது குதிரை, என் வண்டிக்கு அறுபதுக்கும் கீழே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எழுபதும் தென்னைமரத்து உச்சியில் அல்லவா இருக்கிறது! எட்டாயிரம் வரை ஏறினால்தான் பறிக்கலாம். பொன்முடிக் கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நின்றுவிட்டால் நீ என்ன செய்வாய்? முதல் கியரில் அலறிக்கொண்டு நிற்பாய். மிட்ஜெட் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். மலைக்கு வேண்டியது சங்கீதம் இல்லை, இழுவை. எண்ணெய் சொட்டுவது பற்றி எழுதியிருக்கிறாய். சொட்டுகிறவரை உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று தெரிகிறது. மாஸ்டாவைப் பற்றி நான் பேசமாட்டேன். முப்பது வருடம் கழித்து அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்து எழுதினால் யாரும்தான் முதல் மார்க்கு வாங்குவார்கள்.

ஸ்பானர் விஷயத்திலும் உன் ஜப்பான்காரர்கள்தான் எனக்கு எதிரி. ஆறுமுகநயினார் இருபது வருடமாக மாருதியே பார்த்தவர். மில்லிமீட்டர் ஸ்பானரைக் கொண்டுவந்து இஞ்சு நட்டில் போட்டுத் திருகி, மூன்று நட்டின் மூலையை மழுக்கிவிட்டார். நான் கத்தினேன். 'சாரே, நட்டு நட்டு தான்' என்றார். அப்பாவின் இஞ்சு ஸ்பானர் செட்டைக் கொடுத்து, தொடுவதற்கு முன் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது என்னைப் பார்த்தாலே வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

நீ பத்திரமாக வைக்கச் சொன்ன கிளாம்பு எதற்கு? நினைவுச் சின்னமா?

உனக்கு நினைவில்லாவிட்டால் நான் சொல்கிறேன். உலகத்தில் இப்போது எல்லா வண்டியிலும் பாட்டரியின் மைனஸ் பாடிக்குப் போகும். இந்த ஒரு வண்டியில் பிளஸ் பாடிக்குப் போகும். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பலவும் அப்படித்தான். அப்பா அதை உனக்குப் பதினாறு வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். உனக்குத்தான். எனக்கு இல்லை. நான் பானெட்டுக்குப் பக்கத்தில் வந்தாலே 'நீ படி மக்ளே' என்று விரட்டுவார். கார்ப்பரேட்டரில் குழாய் வைத்துக் காது கொடுத்துக் கேட்டது நீ. பெட்ரோல் வாசனையோடு சாப்பிட உட்கார்ந்தது நீ. கடைசியில் கொளுத்தியதும் நீ.

அந்த வாரம் நான் என்ன செய்தேன் என்றாவது நினைவிருக்கிறதா? பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். நீ ஜப்பானுக்குப் போகுமுன் அப்பாவோடு போனக்காடு போய்வரப் போகிறாய் என்று, பாட்டரி சார்ஜுக்குப் போயிருந்த மூன்று நாளும் ராத்திரி பகல் பாராமல் என்ஜின் அறையைத் தேய்த்துக் கழுவி, பெயிண்ட் அடித்து, ஒவ்வொன்றையும் ஒழுங்குபடுத்தி வைத்தேன். உனக்கு என் பரிசு அது. அப்பா முதல் தடவையாக என்னைத் தடுக்காமல் விட்டார். நீ வழயிலை ஜங்ஷன் தாண்டுவதற்குள் அத்தனையையும் கரியாக்கினாய். பத்து நிமிட அவசரம்.

வருடாவருடம் புது மாணவர்களுக்குப் பாட்டரி பாடம் எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்கிறேன். பெயர் சொல்வதில்லை. 'ஒரு பெண் இருந்தாள்' என்று தொடங்குவேன். இருபத்துமூன்று வருடம். பயல்கள் நன்றாகச் சிரிப்பார்கள்.

தாளை அனுப்பு.

தா. சற்குணம்


ஹமமட்சு.
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாள் இதனுடன் இருக்கிறது. மூன்று கையெழுத்து, தூதரக முத்திரை. மடிக்கவில்லை.

டோக்கியோ போகும் வழியில் மழை. ஹோண்டாவின் துணிக்கூரையும் ஒழுகும் என்பதை உங்கள் சந்தோஷத்துக்காகச் சொல்கிறேன். மடியில் பாலித்தீன் கவரில் மிட்ஜெட்டின் தாள். இந்த வண்டி நனைந்துகொண்டு அந்த வண்டிக்குச் சாட்சி சொல்லப் போனது.

இனி உங்களுக்கு என்னிடமிருந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அதனால் இப்போது இதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை நான் மூன்று தடவை படித்தேன்.

அண்ணா, அன்று காலை நான் அவசரப்படவில்லை. அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: 'சுவப்பு பிளஸ்ல மாட்டு. வேற ஒண்ணும் யோசிக்காண்டாம்.' நான் யோசிக்கவில்லை. சிவப்பு கிளாம்பை பிளஸ்ஸில் மாட்டினேன்.

இதற்கு மேல் எழுதமுடியாது. அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த டின்னைத் திறக்கக்கூடாது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை.

ஜிஜி


பேரூர்க்கடை.
17.11.2024

ஜிஜி,

என்ன வாக்கு? யாருக்கு யார் என்ன வாக்கு? செத்துப்போன மனிதரை முன்னால் நிறுத்திக்கொண்டு பாதி எழுதி பாதி விடுகிறாயே, இது எந்த ஊர் மரியாதை?

உன் கடிதம் வந்த அன்றே டின்னைத் திறந்தேன். ஆறுமுகநயினார் பக்கத்தில் இருந்தார். உள்ளே துருப்பிடித்த வாஷர், ஒரு பிளக், இரண்டு கிளாம்பு. ஒன்று சிவப்பு. இன்னொன்றைச் சுற்றி முழுக்க இன்சுலேஷன் டேப். அந்தச் சுற்று நேராக இல்லை. ஒரு கையால், பல்லால் கடித்துச் சுற்றியது மாதிரி கோணல்மாணலாக இருந்தது. அந்த மாதம் அப்பாவுக்கு ஒரு கைதான் இருந்தது.

ஆறுமுகநயினார் பிளேடால் டேப்பைக் கீறி உரித்தார். பாடியில் போல்ட் போட்டிருந்த பட்டை வயரின் கிளாம்பு அது. மேலே கறுப்புப் பெயிண்ட். தீயில் பொங்கி ஒரு பக்கம் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் கீழே சிவப்பு. பழைய சிவப்பு, எஸ்டேட் ஃபேக்டரியில் பைப்புக்கு அடிக்கிற சிவப்பு.

'சாரே,' என்றார் அவர். 'பழைய ஆளு சரியாட்டு சுவப்பு அடிச்சு வச்சிருக்கு. பாடிதானே இதுல பிளஸ்ஸு. பின்ன ஏதோ ஒரு மண்டன் வந்து அதுக்கு மேல கறுப்பு அடிச்சிருக்கான். மத்ததுக்கு சுவப்பு அடிச்சிருக்கான். இது கண்டா ஆரானாலும் திருப்பித்தானே மாட்டும்? வண்டி தீ புடிக்காம பின்ன என்ன செய்யும்? அவன் ஆராக்கும் சாரே?'

அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். என் டூல் பெட்டியில் 'தா. சற்குணம், டி.ஏ.இ.' என்று டிப்ளமோவோடு பெயர் எழுதிய அதே டப்பா. மிச்சம் இருந்ததில் கிளாம்புக்கும் ஒரு கோட் அடித்தேன். அடித்ததை நான் மறந்ததே இல்லை, ஜிஜி. அது ஒரு காரியமாகவே எனக்குத் தோன்றியதில்லை. பாடிக்குப் போகிற வயர் கறுப்பு என்று புத்தகத்தில் இருந்தது. பாட்டரி அப்போது சார்ஜ் போடும் கடையில் இருந்தது. எதிரே வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. அப்பா அறியாமல் சிவப்பு அடித்து வைத்திருக்கிறார், படிக்காதவர்தானே என்று நினைத்தேன். திருத்தினேன். இந்த வண்டியில் பாடிதான் பிளஸ் என்பது எரிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, அப்போதும் நான் அடித்த பெயிண்டை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏதோ ஒரு மண்டன். மடையன்.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். உனக்கு எப்போது தெரியும்? அப்பாவுக்கு எப்போது தெரியும்? இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை இருபத்துமூன்று வருடம் ஒரு கோமாளியாக உட்கார வைத்திருக்கிறீர்கள். நான் கரும்பலகை முன்னால் நின்று 'ஒரு பெண் இருந்தாள்' என்று சொன்னபோதெல்லாம் இங்கே அப்பா வராந்தாவில் உட்கார்ந்து அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தாரே, அவருக்கு ஒரு தடவைகூட வாய் வரவில்லையா? யார் உங்களிடம் என்மேல் இரக்கப்படச் சொன்னார்கள்? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கத்தைத் தாங்கமுடியாது.

நீ கையெழுத்துப் போட்ட தாளை ஆர்.டி. ஆபீசில் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதுமில்லை. ராகேலிடமும் பேசவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 'எனக்குத் தெரியாது' என்று பைபிள் மேல் கை வைக்கிறாள். இனிமேல் யார் சொல்வதை நான் நம்புவது?

வேறு எதுவும் எழுதாதே. பதிலை மட்டும் எழுது.

சற்குணம்


ஹமமட்சு.
8.12.2024

அண்ணா,

பதிலை மட்டும் எழுதுகிறேன்.

அன்று புகை வந்ததும் அப்பா இறங்கி ஓடி பானெட்டைத் திறந்து, கறுப்பு கிளாம்பை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். அது லூஸாக இருந்ததால்தான் வந்தது. பாட்டரியில் பிளஸ் கம்பம் தடிமன், மைனஸ் மெல்லியது. பெரிய கிளாம்பைச் சின்னக் கம்பத்தில் மாட்டினால் ஆடும். காலையில் மாட்டும்போதே ஆடியது. நான் ஒரு தகரத் துண்டை மடித்துச் சொருகினேன். அப்போதே நான் நின்றிருக்க வேண்டும். அதனால் நான் முழுவதும் குற்றமில்லாதவள் என்று உங்களிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்வரை அப்பா அந்தக் கிளாம்பை இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் உரிந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். யார் அடித்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு சொன்னார்:

'மக்ளே, இது அவனுக்குத் தெரியப்பிடாது.'

'ஏன்ப்பா? எம்மேல இல்லியா கத்துவான்?'

'கத்துவான். நீ நாளைக்குப் போயிருவ. அவன் இங்கதான நிக்கணும். இப்பந்தான் வேலைக்கு ஏறியிருக்கான், பாட்டரிப் பாடம் எடுக்கியவன். இது தெரிஞ்சா அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால அவனுக்கு சாக்பீஸ் புடிக்க கை வராது. எனக்கு ஒரு கை போனா போவட்டு. அவனுக்குப் போவாண்டாம்.'

நான் சரி என்றேன். ஒரு வாரக் கோபம் என்று நினைத்துத்தான் சரி என்றேன், அண்ணா. எனக்கு இருபத்திரண்டு வயது. உங்களுக்கு இத்தனை வருடம் கோபப்படத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. நம்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். இரண்டாயிரத்து இருபது ஜூலையில் விமானம் ஓடவில்லை. கடைசி ஐந்து நாள் அப்பாவை வீடியோவில் காட்டச் சொல்லி உங்களுக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எடுக்கவில்லை. அண்ணி அப்போது கொரோனா தனிமை வார்டில், அவளாலும் முடியவில்லை. மிட்ஜெட்டுக்காக இருபது வருடம் திட்டு வாங்கினேன், அதை நான் ஒருநாளும் கணக்கில் வைக்கவில்லை. அந்த ஐந்து நாளை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஹோண்டாவை வாரம் ஒருமுறை எட்டாயிரம் வரை கத்த விடுகிறேன் என்று எழுதினேன் அல்லவா? அந்த ஜூலையில் தினமும் கத்த விட்டேன்.

ஜிஜி


பேரூர்க்கடை.
9.3.2025

என் ஜிஜிக்கு,

மூன்று மாதம் ஆகிவிட்டது. பதில் போடவில்லை என்று ராகேல் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீயும் அவளோடு அதைப் பற்றிப் பேசவில்லை என்று சொன்னாள். 'அவ ஒண்ணும் சொல்லல்ல, நான் இங்க இருக்கேன்லா, எனக்குக் கண்ணு இல்லியா?' என்றாள். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். ஒன்றில் அப்பாவைத் திட்டியிருந்தேன். மற்ற இரண்டில் மிட்ஜெட்டைத் திட்டியிருந்தேன். யாரையும் திட்டாமல் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. இதிலும் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

அந்த ஐந்து நாள். அப்பா உன்னைக் கேட்டார். மூன்று தடவை. 'ஜிஜிய விளி' என்றார். நான் 'ரேஞ்சு இல்லப்பா' என்றேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது. உன் அழைப்பு வந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் நம்பினார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது நினைத்தால், அந்த மனிதர் எதை நம்பினார், எதைத் தெரிந்துகொண்டே விட்டுவிட்டார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டியைக் கொளுத்தியவளுக்கு முகம் காட்டமாட்டேன் என்று இருந்தேன். கொளுத்தியவன் நான். அவர் முகத்தை உனக்குக் காட்டாதவனும் நான். முதலாவது தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்து செய்தது. இதற்கு மன்னிப்புக் கேட்டால் நீ 'சரி அண்ணா' என்று எழுதிவிடுவாய், உன் குணம் அப்படி. அதனால் கேட்கமாட்டேன். சரி என்று எழுதாதே.

இந்த வருடப் பாட்டரி பாடம் ஜனவரியில் வந்தது. நான் ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது, தப்பிக்க முடியாது. வகுப்பில் கிளாம்பை மேஜைமேல் வைத்தேன். 'ஒரு விரிவுரையாளர் இருந்தான்' என்று தொடங்கினேன். பயல்கள் சிரித்தார்கள். பின் வரிசையில் மாளவிகா என்று ஒரு பெண், 'சார், அந்த சாரோட பேரு எந்தா?' என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் எழுந்து வந்து கிளாம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அப்பா பயந்தது நடக்கவில்லை. சாக்பீஸைப் பிடித்தேன். பலகையில் பிளஸ்ஸும் மைனஸும் போட்டுப் பாடத்தை எடுத்தேன்.

வயரிங் முடிந்துவிட்டது. விளக்கு, ஹார்ன், வைப்பர், எல்லாம் புதியது. இரண்டு கார்ப்பரேட்டரையும் ஆறுமுகநயினாரின் சிநேகிதன் ஒருவன் சுத்தம் செய்தான், அப்பா மாதிரி குழாய் வைத்துக் கேட்கத் தெரியவில்லை. நீ வந்துதான் அதைச் சரிசெய்ய வேண்டும். எண்ணெய் இப்போதே சொட்டுகிறது, ஓடாமலே. உன் ஜப்பான்காரர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொள். ஹோண்டாவைப் பற்றி நான் சொன்னதில் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தையல் மெஷின் இல்லை. தொப்பலாக நனைந்துகொண்டு இன்னொருவனுடைய தாளைச் சுமந்துகொண்டு டோக்கியோ போகிற வண்டியை அப்படிச் சொல்லக்கூடாது. மலை ஏறுவது பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன்.

இத்துடன் மூன்று பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று, நீ கையெழுத்துப் போட்ட தாள். அதைக் கிழித்துவிடு. இரண்டு, நான் கையெழுத்துப் போட்ட தாள். வண்டியை உன் பெயருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருக்கிறேன். மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன், நீல மையில். நீ வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்த வண்டியை என்ன செய்வாய் என்று ராகேல் கேட்டாள். நான் கழுவித் துடைத்து வைத்திருப்பேன் என்றேன். மூன்றாவது, அந்தக் கிளாம்பு. கறுப்பும் சிவப்பும் அப்படியே இருக்கிறது. சுங்கத்தில் கேட்டால் என்ன சொல்வாயோ, எனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஆறுமுகநயினார் புதுப் பாட்டரியைக் கொண்டுவந்து தட்டில் உட்கார வைத்தார். புதுக் கிளாம்பு இரண்டையும் எடுத்தார். வேண்டாம் என்றேன்.

'எண்ணி ரெண்டு போல்ட்டு, சாரே. அஞ்சு நிமிஷம். வண்டி இப்ப ஸ்டார்ட் ஆவும்.'

'வேண்டாம்.'

'பின்ன ஆரு மாட்டும்?'

'அதுக்கு ஆள் வரும்.'

'எப்ப?'

தெரியாது என்றேன். வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டுக்கு வெளியே நின்று ராகேலிடம் 'சாருக்கு சுகமில்லையோ' என்று கேட்டாராம்.

ஆகவே வண்டி நிற்கிறது, ஜிஜி. பாட்டரி நிறைய சார்ஜ் இருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் இஞ்சு ஸ்பானர் வைத்திருக்கிறேன். வழயிலை தாண்டி, நெடுமங்காடு, வித்துரா, போனக்காடு. நீயும் அப்பாவும் அன்றைக்குப் போய்ச்சேராத வழி. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ ஓட்டு. வர மனம் இல்லாவிட்டால் வராதே, அதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாட்டரி அதுபாட்டுக்கு இருக்கும். நான் தொடமாட்டேன்.

பிளஸ் எங்கே போகவேண்டும், மைனஸ் எங்கே போகவேண்டும் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் எதற்கும் பெயிண்ட் அடிக்கவில்லை.

உன்
அண்ணன்